தோர், ஓடின், லோகி: நார்ஸ் சாமிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். ஒரு கோடை விடுமுறை முழுக்க நார்ஸ் கதைகளைச் சொன்னேன். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து மக்கள் கிறிஸ்தவர்களாவதற்கு முன்னால் கும்பிட்ட சாமிகளின் கதைகள் அவை. பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெரியவர்களும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, தெரிந்ததைப் பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, தோர் நிஜமாவே சாமியா, இல்ல சினிமாவுக்காக உண்டாக்கின ஆளா?

சாமிதான். அமெரிக்கச் சித்திரக்கதைக்குள் தோர் வந்தது 1962இல். அதற்கு ஆயிரம் வருடம் முன்பே உழவர்களும் மாலுமிகளும் அவரைக் கும்பிட்டார்கள். இடிக்கும் மழைக்கும் அவர்தான் பொறுப்பு. சின்னச் சுத்தியல் உருவத்தை வெள்ளியிலும் இரும்பிலும் செய்து கழுத்தில் கோத்துப் போட்டுக்கொண்டார்கள், நாம் தாயத்து கட்டிக்கொள்கிற மாதிரி. அப்படிப்பட்ட சுத்தியல்கள் ஸ்காண்டிநேவியா முழுக்க மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஃபாரோ தீவுகளின் தலைநகரம் டோர்ஸ்ஹாவ்ன். தோரின் துறைமுகம் என்று அர்த்தம்.

1070களில் ஆதாம் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வீடனின் உப்சாலா கோயிலைப் பற்றி எழுதினார். அங்கே மூன்று சிலைகள் இருந்ததாகவும் நடுவில் தோர்தான் உட்கார்ந்திருந்ததாகவும் அதில் வருகிறது. அவர் நேரில் போய்ப் பார்த்தவர் இல்லை, கேட்டதைத்தான் எழுதினார். ஆனாலும் நடு இடம் சாமிகளுக்கெல்லாம் தலைவரான ஓடினுக்கு இல்லாமல் தோருக்குப் போனது கவனிக்க வேண்டிய செய்தி. கதைகளில் ஓடின் பெரியவர். சாதாரண ஜனங்களின் மனதில் பெரியவர் தோர்.

இந்தக் கதையெல்லாம் எதுல எழுதியிருக்கு? அவங்களுக்கும் புராணம் மாதிரி புத்தகம் இருக்கா?

இருக்கிறது. ஆனால் எழுதியவர்கள் அந்தச் சாமிகளைக் கும்பிட்டவர்கள் இல்லை. ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் கிறிஸ்தவ நாடாகிவிட்டது. கதைகள் ஏட்டில் ஏறியது அதற்கு இருநூறு வருடம் கழித்து. அதுவரை வாய்வழிப் பாட்டாகவே இருந்தன. 1220களில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துப் பிரபு, இளங்கவிஞர்களுக்குப் பாடநூலாக 'எட்டா'வை எழுதினார். அந்த ஊர்க் கவிதையில் தங்கம் என்று நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், 'ஃப்ரேயாவின் கண்ணீர்' என்பார்கள். ஃப்ரேயா என்ற பெண்சாமி யார், ஏன் அழுதாள் என்று தெரியாத தலைமுறை வந்துவிட்டால் கவிதையே புரியாமல் போகும். அந்தக் கவலையில்தான் அவர் கதைகளைத் தொகுத்தார். தானும் கிறிஸ்தவர் என்பதால், இந்தச் சாமிகள் உண்மையில் கிரேக்கக் கதைகளில் வரும் ட்ராய் நகரத்திலிருந்து வந்த மனிதர்கள் என்று முன்னுரையில் ஒரு விளக்கமும் கொடுத்துவைத்தார். 1241இல் அரசியல் பகையில் தன் வீட்டின் நிலவறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

இன்னொன்று பழைய பாட்டுகளின் தொகுப்பு. 1270களில் எழுதிய ஒரு சின்னத் தோல் ஏடு. இப்போது மிஞ்சியிருப்பது 45 இதழ்கள், நடுவில் எட்டு இதழ்களைக் காணவில்லை. 1643இல் ஒரு ஐஸ்லாந்து பிஷப்பின் கைக்கு வந்து, 1662இல் டென்மார்க் அரசருக்குப் போனது. 1971 ஏப்ரல் 21 அன்று டேனிஷ் போர்க்கப்பல் ஒன்று அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது ரெய்க்யவிக் துறைமுகத்தில் பெரும் கூட்டம் காத்திருந்தது. அந்த ஒரு பிரதி மட்டும் எங்காவது அடுப்பெரிக்கப் போயிருந்தால், கீழே நான் சொல்லப்போகும் பல பாட்டுகள் உலகத்துக்கே தெரியாமல் போயிருக்கும். பரணில் கிடந்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களை அறிந்த நமக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தர்ஸ்டேன்னா தோரோட நாளாமே? அப்ப வியாழக்கிழமைக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. ஏழு கிழமைகளையும் ஏழு கோள்களுக்குக் கொடுக்கும் வழக்கம் ரோமாபுரியிலும் இருந்தது, நம்மிடமும் உண்டு. ரோமாபுரிப் பெயர்களை வாங்கிய ஜெர்மானிய மக்கள், ஒவ்வொரு ரோமக் கடவுளுக்கும் ஈடான தங்கள் சாமியை வைத்தார்கள். செவ்வாய்க்கு டைர், புதனுக்கு ஓடின், வியாழனுக்குத் தோர், வெள்ளிக்கு ஓடினின் மனைவி ஃப்ரிக். டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, ஃப்ரைடே எல்லாம் அப்படி வந்தவை. ஆக நம் வியாழனும் அவர்களின் தர்ஸ்டேயும் ஒரே கோளின் நாள்தான்.

சனிக்கிழமைக்கு மட்டும் ஸ்காண்டிநேவியர்கள் சாமி பெயர் வைக்கவில்லை. ஐஸ்லாந்து மொழியில் அது 'லாய்கார்டாகுர்', அதாவது குளிக்கும் நாள். 'சனி நீராடு' என்று படித்து வளர்ந்த எங்கள் நூலகப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கைதட்டினார்கள். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தகுதி உள்ளவங்க மட்டும்தான் அந்தச் சுத்தியலைத் தூக்க முடியும்னு சொல்றாங்களே?

பழைய கதையில் அப்படி இல்லை. மியோல்னிர் என்ற அந்தச் சுத்தியலைத் திருடிக்கொண்டே போயிருக்கிறார்கள். த்ரிம் என்ற அரக்கன் அதை எடுத்துப்போய் மண்ணுக்கடியில் எட்டு காத ஆழத்தில் புதைத்துவிட்டு, "ஃப்ரேயாவை எனக்குக் கட்டிக்கொடுத்தால் திருப்பித் தருகிறேன்" என்றான். ஃப்ரேயா கொதித்துப்போய் மறுத்துவிட்டாள். கடைசியில் தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு, முகத்திரை மூடி, சாமிகளோடு வாழும் வம்புக்காரன் லோகியைத் தோழியாக்கி அனுப்பினார்கள். விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவையும் குடித்தாள். அரக்கன் மிரண்டான். "உங்களை நினைத்து எட்டு ராத்திரியாகப் பட்டினி" என்று லோகி சமாளித்தான். சடங்குக்காகச் சுத்தியலைக் கொண்டுவந்து மணப்பெண் மடியில் வைத்தார்கள். அப்புறம் அந்த வீட்டில் யாரும் தப்பவில்லை.

அந்தச் சுத்தியலுக்கு ஒரு குறையும் உண்டு, பிடி குட்டை. குள்ளர்கள் அதை உலையில் வைத்து அடித்தபோது, லோகி ஈயாக மாறித் துருத்தி ஊதியவனின் இமையைக் கடித்தான். ரத்தம் கண்ணில் வழிய, அவன் ஒரு கணம் துருத்தியை விட்டதில் பிடி நீளாமல் நின்றுவிட்டது. உலகத்தைக் காக்கும் ஆயுதத்திலேயே ஒரு பழுது. இந்தக் கதைகள் முழுக்க இப்படித்தான், எதுவும் குறையில்லாமல் இருக்காது.

லோகி தோரோட தம்பிதானே? அவன் நல்லவனா, கெட்டவனா?

தம்பி இல்லை. லோகியின் அப்பா அரக்கர் குலத்தவர். தோரின் அப்பா ஓடினும் லோகியும் ரத்தம் கலந்து சகோதரர்கள் ஆனவர்கள். முறை பார்த்தால் தோருக்கு லோகி சித்தப்பா.

நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க முடியாது. தோரின் மனைவி சிஃபின் கூந்தலை வெட்டிய வம்புக்காரன் அவன். அதற்கு ஈடு கட்டப் போன இடத்தில்தான் மேலே சொன்ன சுத்தியலும், ஓடினின் ஈட்டியும் கிடைத்தன. அவன் செய்கிற வம்பால்தான் சாமிகளுக்கு வரவும் வருகிறது, அழிவும் வருகிறது. ஃபென்ரிர் என்ற ஓநாய், உலகத்தைச் சுற்றி வளைத்த பெரும்பாம்பு, செத்தவர்களை ஆளும் ஹெல் மூவரும் அவன் பெற்றவை. எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரையோ, பெண்குதிரையாக உருவம் மாறி அவனே வயிற்றில் சுமந்து பெற்றான். தோர், ஓடின் பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. லோகிக்குக் கோயிலோ பூசையோ இருந்ததற்குத் தடயமில்லை.

ஓடினுக்கு ஏன் ஒத்தைக் கண்ணு?

அறிவுக்கு விலையாகக் கொடுத்தார். மிமிர் என்பவரின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் ஞானம் வரும், ஒரு கண்ணைக் கொடுத்தால்தான் குடிக்கலாம். கொடுத்தார். ரூன் என்ற அந்தக் காலத்து எழுத்துகளின் ரகசியத்துக்காகக் காற்றடிக்கும் மரத்தில் ஒன்பது இரவு, ஈட்டிக் காயத்தோடு, சோறு தண்ணீர் இல்லாமல் தொங்கினார். "என்னை எனக்கே பலி கொடுத்தேன்" என்று ஒரு பழைய பாட்டில் அவரே சொல்கிறார்.

அவருக்கு இரண்டு அண்டங்காக்கைகள். ஹுகின் என்றால் சிந்தனை, முனின் என்றால் நினைவு. தினமும் உலகத்தைச் சுற்றிவந்து செய்தி சொல்லும். "ஹுகின் திரும்ப வராமல் போய்விடுமோ என்று பயம், முனினை நினைத்தால் அதைவிடப் பயம்" என்கிறார் ஓடின். வயதான அம்மாவுக்கு மறதி நோய் வந்தபோது எனக்கு இந்த வரி விளங்கியது. சிந்தனை போவதைவிட நினைவு போவது பெரிய இழப்பு என்று அந்தப் பாட்டைக் கட்டியவர் அறிந்திருக்கிறார்.

வைக்கிங் வீரர்கள் எல்லாரும் கொம்பு வெச்ச தலைக்கவசம் போட்டாங்களா?

இல்லை. நார்வேயின் யெர்முண்ட்புவில் 1943இல் கிடைத்த வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இந்தக் கதைகளை வைத்து வாக்னர் என்ற இசையமைப்பாளர் எழுதிய இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் கொம்பு வைத்தார், அது பரவிவிட்டது. கொம்பு வைத்த பழைய கவசங்கள் டென்மார்க்கில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை வெண்கலக் காலத்தவை, வைக்கிங்குகளுக்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் முந்தியவை.

சண்டையில செத்தா வல்ஹல்லா போகலாம். அப்ப வீட்டுல நோய் வந்து செத்தவங்க?

அவர்கள் ஹெல்லிடம் போவார்கள். கிறிஸ்தவ நரகத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் இந்தப் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் ஹெல்லின் இடம் தண்டனைக்கூடம் இல்லை, செத்தவர்கள் இருக்கும் ஊர். ஓடினின் மகன் பால்டரே அங்கேதான் போனான். கடலில் மூழ்கியவர்களைக் கடல்தேவி ரான் தன் வலையால் இழுத்துக்கொள்வாள்.

சண்டையில் செத்தவர்கள் எல்லாரும் ஓடினின் மாளிகையான வல்ஹல்லாவுக்குப் போவதில்லை. பாதிப் பேரை ஃப்ரேயா தன் இடத்துக்கு எடுத்துக்கொள்வாள், மீதிப் பேர்தான் ஓடினுக்கு. இதைச் சொன்னால் பெண்பிள்ளைகள் மறுபடி சொல்லச் சொல்கிறார்கள். வல்ஹல்லா சுகமாக ஓய்வெடுக்கும் சொர்க்கமும் இல்லை. பகலெல்லாம் வெட்டிக்கொண்டு, சாயங்காலம் எழுந்து பன்றிக்கறியும் மதுவுமாக உட்கார வேண்டும். கடைசிப் போருக்கான பயிற்சி அது.

ஏம்மா, இவ்வளவு முரட்டுச் சாமிங்க மேல யாருக்காவது உள்ளன்பு இருந்திருக்குமா?

பேத்தியோடு வரும் ஒரு பெரியவர் கேட்டது. இதற்கு எகில் ஸ்கல்லக்ரிம்சனின் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன். அவர் பத்தாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கவிஞர், கொலைக்கும் அஞ்சாத சண்டைக்காரர், ஓடினின் பக்தர். அவருடைய செல்ல மகன் போட்வர் படகு கவிழ்ந்து செத்தான். எகில் அவனைப் புதைத்துவிட்டு, படுக்கை அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு சாகக் கிடந்தார்.

மகள் தோர்கெர்ட் வந்தாள். "நானும் உங்களோடு சாக வந்தேன்" என்று உள்ளே நுழைந்து படுத்தவள், எதையோ மெல்ல ஆரம்பித்தாள். "என்ன அது?" "கடற்பாசி. சீக்கிரம் சாகலாம்." அவரும் வாங்கி மென்றார். உப்பில் தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்டார். கொம்புக் குவளையில் வந்ததை மடக்கென்று குடித்த பிறகுதான் பால் என்று தெரிந்தது. விரதம் கலைந்தது. "சரி, தம்பிக்கு ஒரு பாட்டுக் கட்டுங்கள், நான் எழுத்தில் செதுக்கிவைக்கிறேன். அப்புறம் சாகலாம்" என்றாள். பாட்டுக் கட்டக் கட்ட அவருக்குத் தெம்பு வந்தது.

அந்தப் பாட்டு இன்றைக்கும் இருக்கிறது. கடலை வாளால் வெட்ட முடியுமானால் வெட்டியிருப்பேன், எனக்குப் பக்கபலம் இல்லை என்று அழுகிறார். ஓடினை நம்பி இருந்தேன், அவர் நட்பை முறித்துவிட்டார் என்று சண்டை போடுகிறார். பிறகு, ஆனால் எனக்குக் கவிதையைக் கொடுத்தவரும் அவர்தானே என்று இறங்கி வருகிறார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது போதும்மா" என்றார். சாமியிடம் உரிமையோடு சண்டை போடுகிறவரின் அன்பை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்ம எல்லைச்சாமி, முனி மாதிரி அங்கேயும் உண்டா?

உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் அதைக் காக்கும் ஆவிகள் இருந்தன. ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தில், கரை கண்ணில் படும் முன்பே கப்பலின் வாய்பிளந்த தலைச் சிற்பத்தைக் கழற்றிவிட வேண்டும், நில ஆவிகள் மிரண்டுவிடக் கூடாது என்று இருந்தது. முன்பு சொன்ன எகில், நார்வே அரசனோடு பகை வந்தபோது கம்பில் குதிரைத்தலையைச் சொருகி நட்டு, அரசனை விரட்டும்வரை இந்த நாட்டு ஆவிகளுக்கு நிம்மதி இல்லாமல் போகட்டும் என்று சபித்தார்.

ஐஸ்லாந்தின் அரசுச் சின்னத்தில் இன்றும் நான்கு காவல் ஆவிகள் நிற்கின்றன. நாகம், பெரும்பறவை, காளை, மலை அரக்கன். டென்மார்க் அரசன் ஏவிய மந்திரவாதி திமிங்கில உருவத்தில் வந்தபோது நாலா திசையிலும் மறித்து விரட்டியவர்கள் இவர்கள் என்பது கதை.

ஒன்பது உலகத்தோட பேரையும் வரிசையா சொல்லுங்கக்கா.

பழைய பாட்டுகள் 'ஒன்பது உலகம்' என்று சொல்கின்றனவே தவிர, எங்கும் வரிசையாக எண்ணவில்லை. படங்களில் பார்க்கும் பட்டியல் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கட்டியது. ஆகவே பரீட்சை மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இந்திரனும் தோரும் ஒண்ணுதான்னு படிச்சேன். நிஜமா?

ஒன்று என்று சொல்ல முடியாது. ஒரே பழைய குடும்பத்தின் சாயல் என்று சொல்லலாம். இருவருக்கும் இடி ஆயுதம், இருவருக்கும் பாம்புப் பகை, இருவருக்கும் அடங்காத பசி தாகம். சமஸ்கிருதமும் நார்ஸ் மொழியும் ஒரு பொது மூலத்திலிருந்து பிரிந்தவை என்பதால் இப்படிப் பல ஒற்றுமைகள் வரும்.

உறுதியான சான்று வேண்டுமானால் டைரைப் பாருங்கள். ஃபென்ரிர் ஓநாயைக் கட்டுவதற்காக, அதன் வாயில் தன் வலது கையைப் பணயம் வைத்து இழந்தவர் அவர். டைர் என்ற பெயரும், சமஸ்கிருதம் வழியாக நம் பேச்சில் புழங்கும் 'தேவன்' என்ற சொல்லும் ஒரே வேர். அதற்காக ஒவ்வொரு ஒற்றுமையையும் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வந்தது, இங்கிருந்து போனது என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனவெறிக்காரங்க இந்தச் சின்னங்களைப் பச்சை குத்திக்கறாங்களே, பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லலாமா?

நாஜிகள் ரூன் எழுத்துகளைத் தங்கள் சின்னங்களில் பயன்படுத்தினார்கள். இன்றும் அந்த வழியில் போகிறவர்கள் உண்டு. அதனாலேயே கதைகளைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். ரத்தத் தூய்மைக்கு இந்தக் கதைகளில் இடமே இல்லை. ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் வம்சத்துப் பெண். தோரின் மகன் மாக்னியைப் பெற்றவளும் அரக்கிதான். சாமிகளின் ஊரான அஸ்கார்டில் கலப்பில்லாத வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில அவங்க எப்படி மதம் மாறினாங்க? இப்ப யாரும் கும்பிடறது இல்லையா?

ஐஸ்லாந்தில் இரண்டு தரப்புக்கும் அடிதடி வரும் நிலையில், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை தோர்கெய்ர் என்பவரிடம் விட்டார்கள். அவர் பழைய சாமிகளைக் கும்பிடுகிறவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்திருந்துவிட்டு எழுந்து, எல்லாரும் கிறிஸ்தவர்களாகட்டும், வீட்டுக்குள் ரகசியமாகப் பலி கொடுப்பவரைத் தண்டிக்க வேண்டாம் என்றார். அந்தச் சலுகையும் சில வருடங்களில் போய்விட்டது. மற்ற இடங்களில் மாற்றம் மெதுவாகவும் சில இடங்களில் வாள்முனையிலும் நடந்தது. டென்மார்க்கில் கிடைத்த ஒரு கல் அச்சில் சிலுவைக்கும் சுத்தியலுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வார்ப்புக் குழி இருக்கிறது. வந்தவர் கேட்டதை ஊற்றிக் கொடுத்திருக்கிறார் அந்தப் பட்டறைக்காரர்.

1972இல் ஐஸ்லாந்தில் பழைய வழிபாட்டை மீட்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அரசு அதை மதமாக ஏற்றது. இன்றும் இயங்குகிறது.

சாமியே செத்துப்போகும்னா, அப்புறம் அது என்ன சாமி?

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. ரக்னராக் என்ற கடைசி நாளுக்கு முன்னால், நடுவில் கோடையே வராத மூன்று குளிர்காலங்கள் வரும். பிறகு போர். டைர் கையைக் கொடுத்துக் கட்டிய அதே ஓநாய் அறுத்துக்கொண்டு வந்து ஓடினை விழுங்கும். தோர் பெரும்பாம்பைக் கொன்றுவிட்டு, அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து விழுவார். காவல்காரர் ஹெய்ம்டாலும் லோகியும் ஒருவரையொருவர் கொன்று சாய்வார்கள்.

இதெல்லாம் ஓடினுக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு குறிசொல்லியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் வல்ஹல்லாவில் ஆள் சேர்க்கிறார், கண்ணைக் கொடுத்து இன்னும் அறிவு தேடுகிறார். தோற்கப்போகிற சண்டை என்று தெரிந்தே அதற்குத் தயாராகிறார். சாகாத சாமிகளுக்கு இந்தத் தைரியம் தேவைப்படுவதே இல்லை. எனக்கு இந்தக் கதைகள் பிடித்துப்போனது இதனால்தான்.

எல்லாம் அழிஞ்ச பிறகு என்ன ஆகும்?

கடலிலிருந்து பூமி பச்சைப்பசேல் என்று மறுபடி எழும். விதைக்காத வயலில் பயிர் விளையும். ஒளிந்திருந்த ஓர் ஆணும் பெண்ணும் வெளியே வருவார்கள். பால்டரும், தெரியாமல் அவனைக் கொன்ற கண் தெரியாத தம்பி ஹோடும் சேர்ந்தே திரும்பி வருவார்கள். மிஞ்சிய சாமிகள் புல்லுக்குள் குனிந்து பார்த்தால், பழைய காலத்தில் விளையாடிய தங்கக் காய்கள் கிடக்கும். நம் பல்லாங்குழி சோழிகளை இடிந்த வீட்டு முற்றத்தில் கண்டெடுப்பது போல.

அந்தக் குறிசொல்லி பாடும் பாட்டு அதோடு முடியவில்லை. கடைசிச் செய்யுளில் நித்ஹோக் என்ற கருநாகம், சிறகில் பிணங்களைச் சுமந்துகொண்டு வயல்வெளிக்கு மேலே பறந்து வருகிறது. "அது செத்துப்போச்சா, திரும்பவும் வருதா?" என்று ஒரு பையன் கேட்டான். குறிசொல்லி அதற்குப் பதில் சொல்லவில்லை. தான் இறங்கப்போவதாக மட்டும் சொல்லி மண்ணுக்குள் போய்விடுகிறாள்.